மழை நாளுக்கு நாலு கிலோ

எங்கள் தோட்டத்தில் நிறை பார்க்காமல் விடுகிற பொருள் மிகக் குறைவு. தேயிலைக் கொழுந்துக்கு நிறை பார்ப்பார்கள். உர மூட்டைக்கு நிறை பார்ப்பார்கள். மாதம் ஒரு தடவை மிட்வைஃப் மிஸ்ஸி வந்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கால் உதறி அழுகிற குழந்தைகளைக்கூட ஒவ்வொன்றாக நிறை பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு போவார். இவ்வளவும் செய்கிற தோட்டத்தில், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற, பின்பக்கம் திறந்த கெப் வண்டிக்கு மட்டும் ஒருநாளும் ஒருவரும் நிறை பார்த்தது கிடையாது. அது யாருடைய வேலை என்று கேட்டால், கேட்டவளுடைய வேலை என்று என் தலையில் கட்டியிருப்பார்கள். அதனால் நானும் கேட்கவில்லை.

நான் பதினோரு வருடம் கொழுந்து எடுத்தவள். அதன்பிறகு நிறுவை மடுவத்தில் தராசு பார்க்கப் போட்டார்கள். மடுவம் என்றால் நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். பெண்கள் சாக்கைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவார்கள், தராசின் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண் ஓடி நிற்கும், நான் புத்தகத்தில் எழுதுவேன். எனக்குச் சிங்களம் வாசிக்க எழுதத் தெரியும் என்பது ஒரு காரணம். நான் வாய்க்காரி என்பது இன்னொரு காரணம். சண்டை போடுகிறவளை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டால், அந்தப் பக்கத்தில் சண்டை பாதி குறைந்துவிடும் என்று மேனேஜர் தொரைக்குத் தெரிந்திருக்கிறது.

தராசு காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுவது எங்கள் வழக்கம் இல்லை. வெயில் நாளில் சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழிக்க வேண்டும். மழை நாளில் சாக்குக்கும் தண்ணிக்கும் சேர்த்து நாலு கிலோ. அந்த நைலோன் சாக்கு அரைக் கிலோகூட வராது, அது எல்லோருக்கும் தெரியும். நான் கொழுந்து எடுத்த காலத்தில் இதற்காக வாரத்துக்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். நிறை குறைந்தால் ஒரு நாள் சம்பளமான முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். தராசில் நின்ற முதல் மழை நாளில், இருபத்துமூன்று என்று ஓடி நின்ற எண்ணைப் பார்த்து, பத்தொன்பது என்று எழுதினேன். எழுதியதைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் சிவப்பு எண்ணைப் பார்க்கும்போதே மனதுக்குள் நாலு குறைந்துவிடும், கழிக்கிறேன் என்கிற நினைப்பே வராது.

எனக்கு மதினி முறையான ஒருத்தி பக்கத்து லயத்து வீட்டில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூட. கொழுந்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, பேச்சிலும் இல்லை. ஒவ்வொரு மழை நாளும் சாக்கை மாட்டிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"கங்காணியம்மா, கழிச்ச தண்ணிய ஒரு போத்தல்ல ஊத்திக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி தேத்தண்ணி வச்சுக் குடிக்கிறேன். எங்க கொழுந்துத் தண்ணிதானே."

மடுவமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே நாலைக் கழிப்பேன்.

தோட்டத்து பெக்டரியை மூடிப் பல வருடமாகிவிட்டது. அதன் கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொழுந்து இப்போது எட்டு மைல் கீழே, வேறொரு பெக்டரிக்குப் போகிறது. ஏற்றிப்போவது கொந்தராத்துக்காரர் ஒருவருடைய கெப். அதை ஓட்டியவன் என் சொந்தத் தம்பி. எனக்கு எட்டு வயது இளையவன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்று சொல்லிக் கண்ணைக் கசக்கப்போவதில்லை, ஆனால் தூக்கித்தான் வளர்த்தேன். குடிக்க மாட்டான். தோட்டத்தில் குடிக்காத டிரைவர் என்றால் அவனைத்தான் காட்டுவார்கள், கேலியாகவும் காட்டுவார்கள்.

அந்தக் கெப்பின் கதவில் ஆயிரம் கிலோ என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது. கொந்தராத்துக்காரருக்கு அது போதவில்லை. பின்பக்கத்தில் இரும்புக் கம்பி அடித்து ஆளுயரத்துக்கு உயர்த்தினார். பாரம் ஏறினால் பின்புறம் தாழ்ந்து நிற்கிறது, பொலிஸ் பார்த்தால் கை காட்டுவான் என்று, டவுனில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸிடம் விட்டு, பின் டயருக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார். அதன்பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

பட்டை போட்ட அன்று தம்பி வீட்டுக்கு வந்து, அந்தப் பாஸ் சொன்னதைச் சொன்னான். அவர் வயதான சிங்களவர். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "மகனே, பட்டை பாரத்தைத் தாங்கும், ஆனால் பிரேக்குக்கு அது தெரியாது, பிரேக் பழைய பிரேக்தான்" என்றாராம். நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் நான் அதற்குக் கொடுத்த மதிப்பு.

வண்டி தாழாததால், அதன் பின்பக்கத்தைப் பார்த்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல இனி ஒருவராலும் முடியாது. அதனால் தம்பி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். புறப்படுவதற்கு முன் மடுவத்துக்கு வந்து என்னிடம் கேட்பான். நான் புத்தகத்தின் அடியில் போட்டிருக்கிற மொத்தத்தைச் சொல்வேன். ஆயிரத்துக்கு மேலே போனால் கொஞ்சச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு இரண்டாம் நடை வருவான். கொந்தராத்துக்காரர் ஏசுவார், இவன் காதில் வாங்கிக்கொள்ள மாட்டான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவன் கணக்கில்லாமல் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவன் என்று பிறகு பலபேர் சொன்னார்கள். அவன் ஒருநாளும் கேட்காமல் போனதில்லை. என்னைத்தான் கேட்டான்.

அந்த நாள் விடியும்போதே மழை. எங்கள் பகுதியில் மழை பெய்தால் மண்சரிவு என்கிற பேச்சும் கூடவே வந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் கிராமசேவகர் போன் எடுத்து, நாலு மணிக்கு மேல் கீழ் ரோட்டை மூடப்போகிறார்கள் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். ஒரு மணிக்கே கொழுந்தை நிறுத்தி எல்லோரையும் மடுவத்துக்கு வரச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு பேர். சாக்கைக் கொக்கியில் மாட்டும்போது அடியில் தண்ணீர் ஒழுகி என் கால் நனைந்தது. ஐம்பத்திரண்டு தடவை நாலு கழித்தேன். மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது வந்தது.

ஆயிரத்துக்குக் கீழேதானே, ஒரே நடையில் போய்விடட்டும், ரோட்டை மூடினால் கொழுந்து கெட்டுப்போகும் என்றார் கணக்கப்பிள்ளை. அவர் எட்டிப் பார்த்தது என் புத்தகத்தைத்தான். டவுனுக்குப் போக வேண்டிய பெண்கள் ஐந்து பேர், பஸ் வராது என்று தெரிந்து, கெப்பில் ஏறிக்கொண்டார்கள். ஆட்களை எங்கள் தோட்டத்தில் ஒருவரும் பாரமாகக் கணக்கெடுப்பதில்லை. இரண்டு பேர் முன்னால். மூன்று பேர் பின்னால், சாக்குகளுக்கு மேலே, படங்குச் சீலையைத் தலையில் போர்த்திக்கொண்டு. மேலே ஏறியவர்களில் என் மதினியும் ஒருத்தி. பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றாள்.

தம்பி மழையில் நனைந்தபடி வந்து மடுவத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எவ்வளவுக்கா வந்திருக்கு?"

"தொள்ளாயிரத்து எம்பது."

அவன் ஒருமுறை திரும்பி வண்டியைப் பார்த்தான். வண்டி நிமிர்ந்து நின்றது. சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது நான் அந்தக் கணக்கை எப்போது வேண்டுமானாலும் போடுவேன், அதற்குப் புத்தகம் தேவையில்லை. ஐம்பத்திரண்டை நாலால் பெருக்கினால் இருநூற்றெட்டு. நான் கழித்த தண்ணீர் புத்தகத்திலிருந்துதான் போனது, சாக்கிலிருந்து போகவில்லை. அது அப்படியே வண்டியில் ஏறியது. அதற்குமேல் ஐந்து பெண்கள், போர்த்திய ஈரப் படங்கு, நிறுத்தி வைத்த நேரத்தில் மேலும் பெய்த மழை. ஆயிரம் கிலோ தாங்குகிற வண்டியில் ஆயிரத்து நானூறுக்கு மேலே போயிருக்கிறது. அந்த நானூறையும் அறியாதவர்கள் இரண்டு பேர். ஒன்று என் தம்பி, மற்றது அந்தப் பழைய பிரேக்.

கீழ் ரோட்டில் கோயிலைத் தாண்டினால் வரிசையாக ஐந்து முடக்கு வளைவு. நாலாவது முடக்கில் கெப் நிற்காமல் நேரே போய், சின்னப் பாலத்தின் கட்டையை உடைத்துக்கொண்டு, றப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் கவிழ்ந்தது. முன்னால் இருந்த பெண்கள் இருவருக்கும் கையில் காயம். மேலே இருந்தவர்களில் இருவர் புல்லில் விழுந்து பிழைத்தார்கள். மதினியின் மேல் சாக்குகள் விழுந்தன. நாங்கள் ஓடிப்போய், ஈரமான சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டோம். ஒரு சாக்கை நகர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. பத்தொன்பது கிலோ என்று நான் எழுதிய சாக்குகள். கடைசிச் சாக்கை எடுத்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

தம்பிக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு பொலிஸார் மடுவத்துக்கு வந்தார்கள். சார்ஜன்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வண்டியில் எவ்வளவு பாரம் என்பதுதான். நான் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனத்தை அப்போதுதான் செய்தேன், அதுவும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு. கூடுதல் பாரம் ஏற்றினால் டிரைவரைத்தான் பிடிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ரோட்டில் மறித்துத் தண்டத் துண்டு எழுதுவது அவன் பெயரில்தான். ஆகவே பாரம் கூடுதல் இல்லை என்று சொன்னால் தம்பி தப்பிவிடுவான். புத்தகத்தைத் திறந்து காட்டி, நல்ல சிங்களத்தில், ஆயிரத்துக்குக் கீழேதான் மாத்தயா, தொள்ளாயிரத்து எண்பது என்று அடித்துச் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டினார், கையெழுத்தும் போட்டேன்.

பக்கத்தில் கணக்கப்பிள்ளையும் கொந்தராத்துக்காரரும் நின்றார்கள். நான் சொல்லி முடித்ததும் அவர்கள் இருவரும் மூச்சு விட்ட விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செத்த வீட்டில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள், கோப்பி கொடுத்தார்கள். பேச்செல்லாம் தம்பியைப் பற்றித்தான். போன் பேசிக்கொண்டு ஓட்டினானாம். வேகமாம். மதினியின் புருஷன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு அவன் குடித்திருந்தானா என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பாரம் கூடுதல் இல்லை, பிரேக் நல்ல பிரேக் என்று கொந்தராத்துக்காரரும் சொல்லிவிட்டார், அப்படியானால் டிரைவர்தானே பிழை. நான் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து அந்த முடிவுக்கு வர அவர்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்தேன். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மதினி செத்துப்போனது அவனுக்குத் தெரிந்திருந்தது. கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"மூணாவது முடக்குலயே மிதிச்சேன்க்கா. மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. பின்னாலருந்து மலையே தள்ளுற மாதிரி இருந்துச்சு. தொள்ளாயிரத்து எம்பதுன்னுதானே சொன்னீங்க?"

குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. தொள்ளாயிரத்து எண்பது கிலோவுடன் அதே ரோட்டில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறான், எங்கே பிழைவிட்டோம் என்று தன்னிடமே தேடிக்கொண்டிருந்தான். நாலு கிலோ எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பொலிஸுக்குப் போனேன். சார்ஜன்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெயிலுக்கு இரண்டு, மழைக்கு நாலு, வண்டியில் ஏறிய ஐந்து பேர் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பள்ளத்திலிருந்து நீங்கள் எடுத்துவந்த சாக்குகள் இங்கேதானே இருக்கின்றன, நிறை பார்த்தால் தெரியும் என்றேன். அவர் மறுக்கவில்லை. கான்ஸ்டபிளை அனுப்பி, பக்கத்துக் கடையிலிருந்து தராசு கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே நிறை பார்த்தார்.

கொழுந்து மூன்று நாள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அவிந்து நாறுகிறது என்று முதல் நாளே சாக்கைக் கொட்டி, விறாந்தையில் பரப்பியிருக்கிறார்கள். மழை விட்டு நல்ல வெயில். தண்ணீர் ஓடிப்போய், இலை சுருங்கிக் கறுத்து, மிஞ்சியதைத் திரும்ப அள்ளிக் கட்டி வைத்திருந்தார்கள். சிந்தியது பள்ளத்திலேயே கிடந்தது. மொத்தம் அறுநூறுகூட வரவில்லை.

சார்ஜன்ட் என் புத்தகத்தையும் பார்த்தார், தராசையும் பார்த்தார். கொழுந்து வாடினால் நிறை குறையும் மாத்தயா என்றேன். இருக்கலாம், ஆனால் நான் எதை எழுதுவது என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நான் எழுந்தபோது, தம்பியைக் காப்பாற்றுவதற்காக இப்படிப் பொய் சொல்லக் கூடாது நங்கி என்று தங்கைக்குச் சொல்வதுபோல் அன்பாகவே சொன்னார். தம்பியைக் காப்பாற்ற நான் பொய்க் கணக்கைச் சொன்னபோது வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். உண்மை சொன்னபோது புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

மடுவத்துப் பெண்களிடம் கேட்டேன், தண்ணிக்குக் கழிப்பதை வந்து சொல்லுங்கள் என்று. வருகிறோம் என்றார்கள், பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லி ஒருநாளாவது நான் கேட்டிருக்கிறேனா? வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார் வக்கீல். தம்பி ஊன்றுகோலுடன் கூண்டில் ஏறி, கவனமில்லாமல் ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டான். ஒத்திவைத்த சிறைத்தண்டனை. லைசன் போனது. கொந்தராத்துக்காரர் வேறொரு கெப் வாங்கினார். கொண்டுவந்த அன்றே அதற்கும் பட்டை போட்டுவிட்டார்.

என்னை வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. புத்தகம் சரி என்று கையெழுத்துப் போட்டவளை ஏன் எடுக்கப்போகிறார்கள்? நானாக விட்டிருக்கலாம். விட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன், சமையலுக்கு அரிசி போடும்போது நினைப்பு மாறிவிடுகிறது. ஒன்று மட்டும் செய்தேன். புது டிரைவர் வந்து கேட்டால் தராசு காட்டியதைக் கூட்டிச் சொல்கிறேன், அதைத் தனியாக என் கொப்பியில் குறித்து வைக்கிறேன். அவன் கேட்பது குறைவு.

போன வைகாசியில் தம்பி கொழுந்து எடுக்க வந்தான். வலது காலை இழுத்து இழுத்து நடப்பான். மேட்டில் ஏற முடியாது, ரோட்டோரத்துச் சமதரையில் எடுக்க விட்டார்கள். பெண்களின் வரிசையில், எல்லோருக்கும் கடைசியாக, சாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பான். என்னோடு பேச்சு உண்டு. சாப்பிட்டாயா, மழை வருமா என்கிற அளவில் உண்டு. அந்த நாளைப் பற்றிய பேச்சை அவன் ஒரு தடவையும் எடுத்ததில்லை.

அவன் வந்த பிறகு முதல் மழை நாள். சாக்கைக் கொக்கியில் மாட்டினான். அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சிவப்பு எண் ஓடிப் பதினேழில் நின்றது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாக்கைத்தான் பார்த்தான்.

"தண்ணிக்குக் கழிச்சுக்கங்கக்கா."

நான் புத்தகத்தைக் குனிந்து பார்த்தேன். பதின்மூன்று என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன்.